கடைந்த பிளாஸ்டிக் புஷ் கத்துகிறதா, இறுகுகிறதா, ஆடுகிறதா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய காருக்கு ரப்பர் புஷ் (ஸ்பிரிங் போன்ற அசையும் பாகங்களின் இணைப்பில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் குழாய் வடிவத் துண்டு) கிடைக்காமல் போவது ஒரு தொல்லை. கிடைத்தும் பயன்படாமல் போவது அதைவிடப் பெரிய தொல்லை. கிருஷ்ணகிரியில் நான் வைத்திருக்கும் பிரீமியர் பத்மினிக்குப் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் புஷ் தேடியபோது கடையில் எடுத்துக் கொடுத்தவை, அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்து, நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழாத அளவுக்குக் கெட்டிப்பட்டவையாக இருந்தன. ஓசூர் தொழிற்பேட்டையைச் சுற்றிச் சிறு லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை என்பதால், பிளாஸ்டிக் ராடு வாங்கி நாமே கடைந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கடைவது எளிதாகத்தான் முடிந்தது. வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு கோளாறாக வந்து எட்டிப் பார்த்தது. அவற்றை எந்த அறிகுறியால் அறிவது, எந்த வரிசையில் சோதிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

ரப்பர் புஷ்ஷில் எதுவும் வழுக்குவதில்லை. அதன் வெளிச்சுற்று ஸ்பிரிங்கின் கண்ணையும் (பட்டையின் முனையில் உள்ள வளையம்) உட்சுற்று போல்ட்டையும் பற்றிக்கொள்ள, இடையில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் தருகிறது. பிளாஸ்டிக் புஷ் அப்படி முறுக்கிக்கொள்ளாது. அதன் உட்துளை, போல்ட்டைச் சுற்றியுள்ள ஓர் இரும்பு ஸ்லீவின் (குழாயின்) மேல் வழுக்கினால்தான் அசைவே உண்டு. ஆகவே ரப்பருக்குத் தேவைப்படாத இடைவெளியும் கிரீஸும் இதற்குத் தேவைப்படுகின்றன. அதோடு, இது அளவு மாறும் பொருள். ஒரு மீட்டர் இரும்பு ஒரு பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.012 மி.மீ. நீளும் என்றால், அதே நீள அசிட்டால் (புஷ் கடையப் பயன்படும் கெட்டிப் பிளாஸ்டிக் வகை) ஏறத்தாழ 0.11 மி.மீ. நீளும், நைலானோ போதாக்குறைக்குத் தண்ணீரையும் குடித்து உப்பும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, இரும்பைக் கடைந்து பழகிய கை பிளாஸ்டிக்கையும் இரும்பாகவே எண்ணி அளந்ததால் வந்தவை.

சோதனையைத் தொடங்குமுன் குறை எப்போது வருகிறது என்பதை ஒரு வாரமாவது குறித்து வையுங்கள்: காலைக் குளிரிலா, நண்பகலிலா, மழைக்கு மறுநாளா, பிரேக் பிடிக்கும்போதா, ஒரு சக்கரம் மட்டும் மேடேறும்போதா. அந்தக் குறிப்பே பாதி விடையைத் தந்துவிடும். வண்டிக்கடியில் போகும்போது பாடியைத் தனி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அச்சுக்கடியில் ஜாக்கியை வைத்து ஸ்பிரிங்கின் விசை போல்ட்டின் மேல் விழாதபடி ஏற்றி இறக்கிச் சமன் செய்த பிறகே ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைப் பாடியோடு இணைக்கும் தகடுகள்) போல்ட்டைத் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கக் கூடாது.

வேகத்தடை ஏறும்போது கிறீச்சிடுகிறது

எந்தப் புஷ் கத்துகிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்க முயன்று நான் அரை நாளை வீணாக்கியிருக்கிறேன். ஒலி பாடித் தகட்டின் வழியாக ஓடி, இடப்பக்கக் கோளாறை வலப்பக்கத்தது போலக் காட்டும். ஒரு பாட்டில் தண்ணீரும் பின்பக்கத்தை அமுக்கி ஆட்டித்தர ஓர் ஆளும் இருந்தால் போதும். ஒரு புஷ்ஷின் ஓரத்தில் மட்டும் தண்ணீரை ஊற்றி வண்டியை ஆட்டச் சொல்லுங்கள். ஒலி அடங்கவில்லை என்றால் அடுத்த புஷ்ஷுக்குப் போங்கள். எதில் தண்ணீர் பட்டதும் ஒலி சில நிமிடம் நின்றுபோகிறதோ அதுதான் குற்றவாளி. எந்தப் புஷ்ஷிலும் அடங்காமல் பட்டைகளின் இடையில் ஊற்றும்போது அடங்கினால், கத்துவது லீஃப் பட்டைகளே. புஷ்ஷைக் கழற்ற வேண்டியதில்லை.

புஷ்தான் கத்துகிறது என்று தெரிந்தபின் கிரீஸை மட்டும் அப்பிவிட்டு மூடாதீர்கள், ஒரு வாரத்தில் மீண்டும் கத்தும். ஸ்லீவைக் கழற்றி அதன் மேற்பரப்பில் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். டூல் விட்ட வரிகள் நகத்தில் தட்டுப்பட்டால், அந்த வரிகள் அரம்போலப் பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஸ்லீவை லேத்தில் சுழலவிட்டு, முதலில் 400, பிறகு 800 எண் எமரித் தாளால், ஒரு துளி எண்ணெயோடு பளபளப்பாகும்வரை தேய்க்க வேண்டும். தாளைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் இரு முனைகளையும் தளர்வாகப் பிடிப்பது விரலுக்கு நல்லது. புஷ்ஷின் உட்துளையில் கிரீஸ் தங்குவதற்குக் காடி இல்லை என்றால், அரை மில்லிமீட்டர் ஆழத்தில் நீளவாக்கில் மூன்று நான்கு காடிகள் போடுங்கள். அவை இரு முனைகளையும் தொடாமல் சற்று உள்ளேயே நின்றுவிட வேண்டும். முனைவரை திறந்துவிட்டால் கிரீஸ் வெளியே போகும், மண் உள்ளே வரும். அசிட்டாலுக்கும் நைலானுக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ் தீங்கு செய்யாது. ரப்பர்போல நெகிழும் யூரித்தேனாக இருந்தால் சிலிகோன் கிரீஸே ஏற்றது.

புஷ் இறுகிவிட்டது, பள்ளத்தில் இறங்கிய பின் வண்டி பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை

இதுதான் அடிக்கடி வரும் குறை, அடிக்கடி தவறாகக் கணிக்கப்படும் குறையும் இதுவே. வண்டியின் பின்பக்கத்தை இரு கைகளாலும் அமுக்கி மெதுவாக விடுங்கள். நின்ற உயரத்தைத் தரையிலிருந்து சக்கர வளைவு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு தூக்கி மெதுவாக இறக்கி மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே விரல் கனத்துக்கு வேறுபாடு இருந்தால், எங்கோ புஷ் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங் தேய்ந்ததாக எண்ணிப் புதிய பட்டை சேர்ப்பவர்கள் உண்டு. அது குறையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

எங்கே பிடிக்கிறது என்பதை மூன்று நிலைகளில் சோதிக்கலாம். ஷாக்கிளைக் கழற்றி, கண்ணுக்குள் புஷ் இருக்கும்போதே ஸ்லீவைக் கையால் தள்ளிப் பாருங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் அது வழுக்கிப் போக வேண்டும். இங்கேயே இறுக்கம் இருந்தால் உட்துளை சுருங்கிவிட்டது. இங்கே தளர்வாக இருந்து, போல்ட்டைப் போட்டு முறுக்கியதும் இறுகினால் ஸ்லீவின் நீளம் போதவில்லை. ஒரு பக்கம் பூட்டும்வரை தளர்வாக இருந்து, இரண்டு பக்கமும் பூட்டியதும் இறுகினால், ஷாக்கிள் துளைகளோ ஸ்பிரிங் கண்களோ ஒரே நேர்கோட்டில் இல்லை.

முதல் நிலைக்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரும்புக் கண்ணுக்குள் பிளாஸ்டிக் புஷ்ஷை அடித்து ஏற்றும்போது, வெளிவிட்டத்தில் நாம் கொடுத்த கூடுதல் அளவுக்கு இரும்பு விரிந்து கொடுப்பதில்லை. அந்தக் கூடுதல் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டு, உட்துளையின் விட்டம் ஏறத்தாழ அதே அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு (இவை உங்கள் காரின் அளவுகள் அல்ல): கண்ணின் உள்விட்டம் 30.00 மி.மீ., ஸ்லீவின் வெளிவிட்டம் 20.00 மி.மீ. என்று கொள்வோம். இறுக்கத்துக்காகப் புஷ்ஷை 30.12 மி.மீ. என்று கடைகிறோம். ஸ்லீவுக்கு 0.08 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பதற்காக உட்துளையை 20.08 மி.மீ. என்று கடைந்தால், ஏற்றிய பிறகு அது 19.96 மி.மீ. ஆகி ஸ்லீவை விழுங்க மறுக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றுவோம், அது இறுகும். சரியான உட்துளை 20.20 மி.மீ. இந்தக் கணக்கை நம்ப மனம் வராதவர்கள், துளையைச் சற்றுச் சிறிதாகவே விட்டு, கண்ணில் ஏற்றிய பிறகு அளவு மாற்றக்கூடிய கை ரீமரால் பெரிதாக்கிக்கொள்ளலாம். வேலை கூடும் என்றாலும், பழைய வண்டியில் எந்தக் கண்ணும் சரியான வட்டமாக இராது என்பதால் எனக்கு இந்த வழியே உகந்ததாகத் தெரிகிறது.

வெயிலும் இதே திசையில்தான் தள்ளும். ஓசூரில் டிசம்பர் காலையில் 20 பாகையில் பூட்டிய அசிட்டால் புஷ், தருமபுரியில் மே மாத நண்பகலில் தார்ச்சாலைக்கு மேலே 45 பாகையை எட்டும்போது, வெளியே விரிய இடமின்றி உள்ளே விரிந்து, மேற்கண்ட அளவுள்ள துளையை 0.03 முதல் 0.05 மி.மீ. வரை அடைக்கும். குளிரில் இலகுவாகவும் வெயிலில் இறுக்கமாகவும் இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். துளையைச் சிறிது கூட்டினால் போதும்.

ஸ்லீவின் நீளம் இரண்டாவது காரணம். போல்ட் முறுகும்போது ஷாக்கிள் தகடுகள் அழுத்த வேண்டியது ஸ்லீவை, பிளாஸ்டிக்கை அல்ல. 50 மி.மீ. நீளமுள்ள அசிட்டால் புஷ் 25 பாகை வெப்பம் கூடும்போது 0.14 மி.மீ. நீளும் என்பதால், ஸ்லீவ் புஷ்ஷைவிட 0.3 மி.மீ. அளவுக்காவது நீளமாக இருக்க வேண்டும். நைலான் என்றால் ஈரத்துக்காக அரை மில்லிமீட்டர் வரை விடலாம். இறுக்கமாக இருக்கிறதே என்று நட்டைத் தளர்த்திவிடுவது தவறான மருந்து, ஏனெனில் தளர்ந்த நட்டில் ஸ்லீவ் போல்ட்டின் மேல் சுழன்று போல்ட்டை அரித்துவிடும்.

இங்கே ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில், சக்கரம் தரையில் இருந்து எடை முழுவதும் இறங்கிய நிலையில்தான் போல்ட்டை இறுதியாக முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து கிழியும். பிளாஸ்டிக் புஷ் தடையின்றிச் சுழல்வதால் இதற்கு அந்த விதி இல்லை. தொங்கிய நிலையில் முறுக்கியதால்தான் இறுகியது என்று மெக்கானிக் சொன்னால், அது ரப்பருக்குரிய பதில்.

கோடையில் நன்றாக இருந்தது, மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டது

என் முதல் தொகுதிப் புஷ்களுக்கு நேர்ந்தது இதுதான். ஏப்ரலில் பூட்டினேன், வண்டி வெண்ணெய்போல ஓடியது. ஐப்பசி மழை பிடித்து மூன்று வாரம் ஆனதும் பின்பக்கம் மரக்கட்டைபோல ஆகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஸ்லீவை வைஸில் வைத்துத் தட்டித்தான் எடுக்க முடிந்தது. கடையில் டெல்ரின் என்று சொல்லிக் கொடுத்த வெள்ளை ராடு உண்மையில் நைலான்.

டெல்ரின் என்பது அசிட்டால் வகைப் பிளாஸ்டிக்கின் வணிகப் பெயர். அசிட்டால் தண்ணீரைப் பெரிதாக உறிஞ்சாது. வார்ப்பு நைலானோ முழுக்க ஊறினால் தன் எடையில் ஆறேழு விழுக்காடு தண்ணீரை ஏற்கும். காற்றின் ஈரத்திலேயே இரண்டரை, மூன்று விழுக்காட்டை எட்டிவிடும். ஒவ்வொரு விழுக்காட்டு ஈரத்துக்கும் அதன் அளவு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 விழுக்காடு வளர்கிறது. மேலே சொன்ன 30 மி.மீ. புஷ்ஷில் இந்தக் காற்று ஈரம் மட்டுமே துளையை 0.07 மி.மீ. அளவுக்கு அடைக்கும், சேற்றிலும் தண்ணீரிலும் ஓடி நன்றாக ஊறினால் 0.2 மி.மீ. வரை போகும். நான் விட்டிருந்த 0.08 மி.மீ. இடைவெளி அந்த மழைக்கு எம்மாத்திரம்!

ராடு எது என்பதைச் சமையலறையிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு டம்ளரில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் கல் உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த உப்புத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ராடின் சிறு துண்டை ஓரம் மழித்து, காற்றுக் குமிழி ஒட்டாமல் அமுக்கி விடுங்கள். வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் அது பாலிஎத்திலீன் வகை. வெட்டுப் பலகை செய்ய ஆகும், ஷாக்கிளுக்கு ஆகாது. வெறும் தண்ணீரில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மிதந்தால் நைலான், ஏனெனில் நைலானின் அடர்த்தி 1.15, தெவிட்டிய உப்புநீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. இரண்டிலும் மூழ்கினால் அடர்த்தி 1.41 கொண்ட அசிட்டாலாக இருக்கலாம். அடர்த்தி 2.2 கொண்ட டெஃப்ளானும் மூழ்கும் என்றாலும், அதன் எடையும் மெழுகுபோன்ற வழுவழுப்பும் கையிலேயே தெரிந்துவிடும். கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கும். ஆனால் அதைக் கடையும்போது டூல் முனை விரைவில் மழுங்கிக் காட்டிக்கொடுக்கும். எரித்துப் பார்க்கும் சோதனையும் உண்டு: நைலான் மயிர் கருகும் வாடையைத் தரும். அசிட்டாலின் புகையில் ஃபார்மால்டிஹைடு இருப்பதால் கண்ணும் மூக்கும் எரியும். உப்புத் தண்ணீர் போதுமானபோது அந்தப் புகையை ஏன் மூக்கில் ஏற்ற வேண்டும்?

நைலான் புஷ்ஷே வண்டியில் இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதிர்ச்சியைத் தாங்குவதில் நைலான் அசிட்டாலைவிட நல்லது. மழைக்காலத்திலேயே, அது ஊறிய நிலையிலேயே துளையை ரீமரால் சரியான அளவுக்குப் பெரிதாக்குங்கள். கோடையில் சற்றுத் தளரும், ஆனால் பிடிக்காது. அதே ராடிலிருந்து ஒரு வட்டத் துண்டை வெட்டி, அளவையும் நாளையும் அதன் மேலேயே எழுதி, வண்டியின் அடிப்பக்கத்தில் கம்பியால் கட்டிவிடுவது என் வழக்கம். எந்த மாதத்தில் வேண்டுமானாலும் அதை எடுத்து அளந்தால், புஷ்ஷைக் கழற்றாமலே அதன் நிலையை ஊகித்துவிடலாம்.

பிரேக் பிடிக்கும்போதும் கிளப்பும்போதும் ‘டக்’ என்கிறது

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது இந்த ஒலி நன்றாகக் கேட்கும். பிரேக்கை அழுத்தி அழுத்தி விடும் ஒவ்வொரு முறையும் அச்சு முன்னும் பின்னும் நகர்ந்து, எங்கெல்லாம் இடைவெளி கூடுதலாக இருக்கிறதோ அங்கெல்லாம் தட்டும். சமதரையில் இதைத் தேட, சிறு கடப்பாரை ஒன்றைக் கண்ணுக்கும் ஷாக்கிளுக்கும் இடையே கொடுத்து நெம்பி, மற்றொரு கையின் விரலைப் புஷ்ஷும் இரும்பும் சேரும் இடத்தில் வையுங்கள். அசைவு எந்த இணைப்பில் என்பதை விரல் சொல்லிவிடும்.

ஸ்லீவுக்குள் போல்ட் ஆடினால் போல்ட்டை மாற்றுங்கள், புஷ்ஷைக் குறை சொல்லாதீர்கள். புஷ்ஷின் துளைக்குள் ஸ்லீவ் ஆடினால் தேய்மானம். கண்ணுக்குள் புஷ்ஷின் வெளிப்பக்கமே ஆடினால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, பழைய ரப்பர் தேய்ந்துபோன பின்னும் வண்டி ஓடியதால் கண்ணின் உட்பக்கம் நீள்வட்டமாகியிருக்கலாம்; செங்குத்தாகவும் கிடையாகவும் இரண்டு இடத்தில் அளந்தால் தெரியும். 0.2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால், வட்டமான புஷ்ஷைக் கொண்டு நீள்வட்டத்தை நிரப்ப முடியாது. மெயின் பட்டையை மாற்றுவதோ, கண்ணை வட்டமாகக் கடைந்து பெரிய புஷ் போடுவதோதான் வழி. கண்ணின் உலோகம் மெலிந்திருந்தால் இரண்டாவதற்கும் இடமில்லை. மற்றொன்று, தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெதுவாக விட்டுக்கொடுத்து அந்த வடிவத்துக்கே பழகிவிடும். இன்று கை நோக அடித்து ஏற்றிய புஷ் ஆறு மாதம் கழித்து விரலால் தள்ளினால் நகர்வது இதனால்தான். ஏற்றும்போது கொடுத்த இறுக்கத்தை மட்டும் நம்பாமல், இரு பக்கமும் விளிம்பு வைத்த இரண்டு அரைப் புஷ்களாகக் கடைந்து எதிரெதிரே செருகினால், இறுக்கம் போனாலும் புஷ் எங்கும் போகாது.

புஷ் வெளியே நழுவுகிறது, அல்லது விளிம்பு வெடித்துவிட்டது

நழுவுவதற்கு மருந்து மேலே சொன்ன இரட்டை விளிம்புதான். விளிம்பு வெடிப்பது பெரும்பாலும் கடைசலின் குற்றம். உடலும் விளிம்பும் சேரும் உள்மூலையைக் கூரான டூலால் செங்கோணமாக வெட்டி விட்டிருந்தால், வெடிப்பு அந்த மூலையில்தான் தொடங்கும். டூல் முனையை உருட்டித் தீட்டி, அந்த மூலையில் 1 மி.மீ. வளைவு விடுங்கள், கண்ணின் வாயிலும் அதற்கு இடம் கொடுக்கும்படி அரத்தால் சரிவு போடுங்கள். விளிம்பின் கனம் 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

லேத்தில் அளவு நிற்கவில்லை

கடைந்து முடித்ததும் சரியாக இருந்த அளவு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் குறைந்திருக்கிறது என்றால், நீங்கள் அளந்தது சூடான புஷ்ஷை. 30 மி.மீ. அசிட்டால் 20 பாகை சூட்டில் 0.066 மி.மீ. பெரிதாக நிற்கும். நாம் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எனவே முதலில் எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு முரட்டுக் கடைசல் செய்து, ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். சூடும் ஆறும், ராடு வார்க்கும்போது உள்ளே தங்கிய இழுவிசையும் அடங்கும். இறுதிக் கடைசலை மறுநாள் செய்யுங்கள்.

சக்கில் (லேத்தில் ராடைப் பற்றும் பிடி) இருக்கும்வரை வட்டமாக இருந்து, கழற்றியதும் முக்கோணச் சாயல் தட்டினால், மூன்று தாடைகள் மெல்லிய குழாயை நசுக்கியிருக்கின்றன. உட்துளையை முதலில் முடித்து, அதை ஒரு மாண்ட்ரலில் (துளைக்குள் இறுகப் பொருந்தும் தண்டு) ஏற்றிக்கொண்டு வெளிவிட்டத்தைக் கடைந்தால் நசுங்கலும் இராது, உள்ளும் வெளியும் ஒரே மையத்திலும் அமையும். ஒரு முனை பெருத்தும் மறு முனை சிறுத்தும் வந்தால், நீண்டு நிற்கும் ராடு டூலுக்குப் பயந்து விலகுகிறது. மறுமுனையைத் தாங்கச் சென்டர் கொடுங்கள் அல்லது நீளத்தைக் குறையுங்கள். துளை டிரில்லின் அளவைவிடச் சிறிதாக வந்தால் வியப்பதற்கில்லை. துளையிடும்போது சூடாகி விரிந்த பிளாஸ்டிக் ஆறியதும் சுருங்கும். படிப்படியாகப் பெரிதாக்கி, டிரில்லை அடிக்கடி வெளியே இழுத்து, கடைசி அளவைப் போரிங் பாரால் எடுக்க வேண்டும்.

மேற்பரப்பு பிசுபிசுவென்று உருகினாற்போல இருந்தால் டூல் மழுங்கியிருக்கிறது, அல்லது ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) மிகக் குறைவு. இரும்புக்கு மினுக்கம் தரும் மெதுவான ஃபீடு பிளாஸ்டிக்கை ஒரே இடத்தில் தேய்த்துச் சூடாக்கும். இரும்பையே தொடாத, புதிதாகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். டூலைக் கூரான வெட்டுக் கோணத்தோடும் தாராளமான பின்சரிவோடும் பயன்படுத்துங்கள். 40 மி.மீ. ராடு என்றால் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குக் குறையாத வேகமும், முரட்டுக் கடைசலுக்கு ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. அளவு ஃபீடும் கொடுத்தால், சூடு சுருளோடு வெளியேறிவிடும். அந்தச் சுருள் அறுபடாமல் நீண்டு ஜாபின் மேல் சுற்றிக்கொள்ளும் குணம் உடையது. லேத் ஓடும்போது அதைக் கையால் இழுக்கவே கூடாது. எத்தனை அனுபவமுள்ள டர்னராக இருந்தாலும் நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வண்டிக்குள் அதிர்வும் சத்தமும் கூடிவிட்டன

இங்கே பிழை ஏதும் இல்லாமலும் இருக்கலாம். ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வை அசிட்டால் விழுங்காது, அப்படியே பாடிக்குக் கடத்தும். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது மட்டும் கடுமை தெரிந்தால், அது வேறு செய்தி. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளிலோ, மாந்தோப்புகளுக்குள் போகும் டிராக்டர் தடங்களிலோ ஒரு பக்கம் உயரும்போது லீஃப் ஸ்பிரிங் தன் நீளவாக்கில் சற்றே முறுகும். கண்ணில் ரப்பர் இருந்தால் அந்த முறுக்கை ஏற்றுக்கொள்ளும். கடினமான பிளாஸ்டிக் ஏற்காமல் விளிம்போடு விளிம்பாக நெரிபடும். கழற்றிப் பார்க்கும்போது துளையின் இரு முனைகளில், ஒன்றில் மேற்புறமும் மற்றதில் கீழ்ப்புறமும் மட்டும் தேய்ந்து மினுங்கினால் இதுவே காரணம். முனைகளில் 2 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய சரிவு கொடுத்தால் ஓரளவு தணியும்.

எல்லாப் பக்கமும் சாய்ந்து கொடுக்க வேண்டிய இணைப்புகளில், அதாவது முன் ஆர்மைப் பிடிக்கும் நீளத் தடிகளின் முனைகளிலும், திட அச்சைப் பல தடிகளால் பிடித்திருக்கும் கார்களின் பின் இணைப்புகளிலும், கடினமான பிளாஸ்டிக்கைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே நெரிபடும் விசை முழுவதும் பிடிமானத் தகட்டின் மேல் விழுந்து அதை வெடிக்க வைக்கும். ரப்பரே கிடைக்காத நிலையில், ரப்பரின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 80-ஐ ஒட்டிய மென்மையுள்ள யூரித்தேன் அங்கு ஓரளவு பொருந்தும்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

முன் லோயர் ஆர்ம் புஷ்ஷை மாற்றிய பிறகு இது வந்தால், முதலில் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். பழைய ரப்பர் அமுங்கியிருந்த நிலைக்கு ஏற்றபடி முன்பு வைத்த அளவு இப்போது பொருந்தாது. அலைன்மென்டுக்குப் பின்னும் இழுத்தால், புஷ்ஷின் துளை மையம் விலகியிருக்கிறதா என்று சுவரின் கனத்தை நான்கு பக்கமும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். உள்ளையும் வெளியையும் தனித்தனியாகச் சக்கில் மாட்டிக் கடைந்தவர்களுக்கு இது வரும்.

சில மாதங்களிலேயே தேய்ந்துவிட்டது

கழற்றிய புஷ்ஷின் துளையில் இருக்கும் பசையை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் ஸ்லீவ் துருப்பிடித்து, அந்தத் துருவே தேய்த்திருக்கிறது. கடையும்போது மினுமினுத்த இரும்பு ஒரே மழையில் துருவேறும் என்பதால், ஸ்லீவுக்கு ஜிங்க் முலாமோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். சாம்பல் நிறத்தில் விரலுக்கு நறநறவென்று இருந்தால் கல்தூசி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது எளிதில் நேரும். கருங்கல் தூசி கிரீஸில் கலந்தால் அதுவே தேய்ப்புப் பசையாகி, பிளாஸ்டிக்கில் பதிந்து உட்கார்ந்துகொண்டு ஸ்லீவை அரைக்கும். எனவே புஷ்ஷைவிட ஸ்லீவே முதலில் தேய்ந்திருப்பதைப் பார்த்து வியக்க வேண்டாம். அப்படிப் பதிந்த புஷ்ஷைக் கழுவி மீண்டும் போடுவதில் பயனில்லை. புதிதாகக் கடைந்து, விளிம்புக்கும் ஷாக்கிள் தகட்டுக்கும் இடையே ஒரு ரப்பர் ஓ-வளையம் உட்காரக் காடி வெட்டிக்கொள்ளுங்கள். வளையம் பாதிக்கு மேல் காடிக்குள் அமுங்கும்படி ஆழம் வைத்தால் அது தூசியை மட்டும் தடுக்கும், அசைவைத் தடுக்காது. என் வண்டியில் இடப்பக்கத்துக்கு மட்டும் வளையம் வைத்து, வலப்பக்கத்தை வெறுமனே விட்டு ஓட்டி, பிறகு இரண்டையும் ஒரே நாளில் கழற்றினேன். வலப்பக்க ஸ்லீவில் நகம் மாட்டும் அளவுக்கு வரி விழுந்திருந்தது. இடப்பக்கத்தில் 800 எண் தாளின் மினுக்கம் அப்படியே இருந்தது.